முன்னால் போன மாமன் சீர்

ஒரு காட்டில் பொம்மையன் என்றொரு கரடி மினி லாரி ஓட்டிப் பிழைத்துவந்தது. மேட்டுக்காட்டில் பழுக்கும் பலாவைக் கீழ்க்காட்டுச் சந்தைக்கு இறக்குவது அதன் தொழில். மழைக்காலத்தில் அந்த இறக்கம் முழுக்கச் சேறாகிவிடும். போன மழைக்கு லாரி நடுவழியில் புதைந்துபோய், தங்கச்சி பிள்ளையின் காதுகுத்துக்குப் போகமுடியாமல் போயிற்று. தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய குட்டி, யாரோ ஒரு தூரத்துச் சித்தப்பன் மடியில் உட்கார்ந்து அழுதது. அன்றிலிருந்து தங்கச்சி கொடியம்மா அண்ணனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

இப்போது கொடியம்மாவின் மூத்த மகளுக்குக் கீழ்க்காட்டு மண்டபத்தில் கல்யாணம். மாமன் சீர் வராமல் தாலி ஏறாது என்று மாப்பிள்ளையின் அப்பா சடையப்பக் கரடி கறாராகச் சொல்லிவிட்டது. மழையோ விடுவதாக இல்லை.

பழைய சாமான் வியாபாரம் செய்யும் சிங்காரம் என்ற நரியிடம் நாலு சேற்றுச் சக்கரங்கள் கிடந்தன. டயர் ஒவ்வொன்றும் முதலை முதுகு மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. அந்தச் சக்கரங்களில் மண்டபத்து வாசலில் போய் இறங்குவதாகப் பொம்மையன் ஒருதரம் நினைத்துப் பார்த்தது. அவ்வளவுதான், ஒரு பானை தேனைக் கொடுத்து வாங்கிவிட்டது.

மெக்கானிக் தவசி ஒரு முள்ளம்பன்றி. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துப் பார்த்தது. வண்டியில் போல்ட் ஆறு, சக்கரத்தில் ஓட்டை ஐந்து. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டுக்கு மேல் நுழையவில்லை. இது வேறு வண்டிச் சக்கரம், பழையதிலேயே சங்கிலி சுற்றிக்கொண்டு மெதுவாகப் போகலாம் என்று தவசி எடுத்துச் சொன்னது. பொம்மையனின் முகம் தொங்கிப்போயிற்று.

கூடவே வந்திருந்த சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாக்குறோம். அஞ்சு இருந்தாலே கல்யாணத்தை முடிச்சிடுறோம். இதுல ஆறுக்கு ரெண்டு இருக்கு. என்ன குறைச்சல்?"

கல்யாண அவசரத்தில் இருந்த பொம்மையனுக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. தவசி சக்கரத்துக்கு இரண்டு நட்டு வீதம் முறுக்கிவிட்டு, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "அண்ணே, இறக்கத்துல பிரேக் போட்டுடாதீங்க. வண்டி நிக்கும். சக்கரம் நிக்குமான்னு சொல்ல முடியாது."

சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. சேறு ஒரு பொருட்டாகவே இல்லை. எதிரே வந்த காட்டெருமைகூட ஒதுங்கி வழிவிட்டது. யாருமே இல்லாத இடத்திலும் பொம்மையன் ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டது. மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது போல என்று பொம்மையன் இன்னும் வேகமெடுத்தது.

வளைவில் பிரேக் போடவேண்டி வந்தது. போட்டது.

இடது பக்கமாக ஒரு சக்கரம் லாரியை முந்திக்கொண்டு போயிற்று. இந்த இறக்கத்தில் இடப்பக்கம் ஏறிப் போகிறதே, இதெல்லாம் யார் கொடுத்த லைசென்ஸோ என்று பொம்மையன் எரிச்சல்பட்டது. அந்த முண்டும் முடிச்சும் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசிப்பதற்குள் இன்னொன்று முந்தியது. பிறகு மற்ற இரண்டும் ஜோடியாகப் போயின. லாரி வயிற்றால் வழுக்கிப்போய், குட்டையில் எருமை படுப்பதுபோல் சேற்றில் படுத்துக்கொண்டது.

பொம்மையன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதது. பிறகு தட்டுகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு, வழுக்கி வழுக்கி நடந்தது. தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது. எதைச் சொன்னாலும் பொய் மாதிரியே கேட்டது.

மண்டபத்திலோ முகூர்த்த நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. சீர் வராத இடத்தில் நமக்கென்ன வேலை என்று சடையப்பன் மகனை மணவறையிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தபோதுதான் வாசல் வாழைமரத்தைச் சாய்த்துக்கொண்டு முதல் சக்கரம் உள்ளே வந்தது. நேரே போய் மணவறையை ஒரு சுற்று சுற்றி, பெண்ணின் காலடியில் படுத்தது. பின்னாலேயே இரண்டு வந்தன. நாலாவது சமையல்கட்டுக்குள் போய்ப் பாயச அண்டாவில் உட்கார்ந்தது.

இதென்ன கூத்து என்று சடையப்பன் கேட்டது. கொடியம்மா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"எங்கண்ணன் சீர்தான். முன்னால அனுப்பியிருக்கு."

சடையப்பன் டயரைத் தட்டிப் பார்த்தது. முகர்ந்தும் பார்த்தது. இப்படியொரு சீர் தன் வம்சத்தில் யாருக்கும் வந்ததில்லை என்று கண்கலங்கியது. உடனே கெட்டிமேளம் கொட்டியது.

பொம்மையன் வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தலையிலிருந்த தட்டுகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடியம்மா சேறு அப்பிய அண்ணனை ஓரமாக அழைத்துப் போனது. இத்தனை மாதம் கழித்து அது பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"ஏண்ணே, சம்பந்தி கேக்குறாரு. ஸ்டெப்னி எங்க?"

அதன்பிறகு அந்தக் காட்டில் தானாக உருண்டு வராத சீரை எந்தச் சம்பந்தியும் ஏற்பதில்லை. கல்யாண மாதங்களில் தவசிக்குத் தலைநிமிர நேரமில்லை. நல்ல வளைவாகப் பார்த்துக் கழலும்படி சக்கரம் மாட்டித்தர அதைவிட்டால் ஆளில்லையாம்.

நீதி: நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது சக்கரங்களைத் தளர்வாகவே மாட்டுங்கள். நீங்கள் போய்ச் சேராவிட்டாலும் உங்கள் மரியாதை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.