கிழக்குச் சுவரின் சொந்தக்காரர்

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலியும் பெரியம்மாவின் கோபமும் இந்நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பென்ஷன் நிதியில் சும்மா கிடந்த பணத்தைப் போட்டுப் புதுக் குடியிருப்பு கட்டியதும், அதன் வாடகை அந்த நிதிக்கே திரும்பிப் போவதும் நல்ல ஏற்பாடுதான். அதில் எனக்கு வாடகைக்கு ஒரு வீடு பிடித்துத் தர நீங்கள் அலைந்த அலைச்சலையும் மறக்கவில்லை. கூட்டமான வீட்டில் குளியலறைக்குள் ஒளிந்து புத்தகம் படித்தவளுக்கு, யாரும் தட்டாத ஒரு கதவு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில், "நம்ம பணம் எங்க போச்சோன்னு பயப்படாதீங்க, என் தம்பி பொண்ணு இருக்கிற வீடுதான் நம்ம பணம், போய்த் தொட்டுப் பாத்துக்குங்க" என்று விலாசத்தையும் கொடுத்துவிட்டீர்களே!

முதலில் வந்தவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஹாலின் கிழக்குச் சுவருக்குப் போய், காதை வைத்துத் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்கு" என்று கண்கலங்கினார். வயசானவராச்சே என்று டீ கொடுத்தேன், அதுதான் வினையாகிவிட்டது. மறுநாள் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியையையும் கூட்டிவந்தார். அந்தம்மாவின் பங்கு சமையலறையாம். குக்கர் விசிலடித்தால் போதும், "ஆவி பட்டு பெயின்ட் உரிஞ்சிடாதா? நான் தொண்டை கிழியக் கத்தின காசும்மா இது!" காலண்டர் மாட்ட ஆணியை எடுத்தேன், போஸ்ட்மாஸ்டர் குறுக்கே வந்து, "என் நெஞ்சுல அடிம்மா, சுவத்துல அடிக்காதே"ன்னு நின்னுட்டார். உடனே அந்தம்மா, "சுவருதானே சார் உங்களுது? அப்புறம் எதுக்கு என் சமையல்கட்டுல வந்து தண்ணி குடிக்கிறீங்க?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுல பஞ்சாயத்துக்கு நான். நேத்து குளிச்சிட்டிருக்கேன், வாசக்கதவுக்கு வெளியிலிருந்து போஸ்ட்மாஸ்டர் குரல், "போதும்மா, தரை ஊறிடப் போகுது!" பெரியப்பா, வாடகை குடுக்கிறவ நான்; வந்த வீட்ல விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்திருக்கிறதும் நானேதான்.

அதனால் இந்த மாதத்தோடு காலி செய்கிறேன். குடியிருப்பு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய கடிதத்தை இன்று காலையிலேயே தனி உறையில் உங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டேன், நீங்களே கொடுத்துவிடுங்கள். பணம் போட்டவர்களுக்குப் பார்க்கிற ஆசை இருக்கும், புரிகிறது. ஆனால் போட்டோமா, மறந்தோமா என்றிருக்க வேண்டும். குடியிருக்கிறவளை மூச்சுவிட விட வேண்டும். இந்தச் சின்ன நாகரிகம்கூடவா தெரியாது?

பெரியம்மாவுக்கு என் அன்பு. மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதும்
உங்கள் தம்பி மகள்

பி.கு.: இந்த மாதத்திலிருந்து என் சம்பளத்திலும் பென்ஷன் பிடித்தம் ஆரம்பம். அந்தப் பணம் எதிரே பாதி கட்டி, கட்டிய பாதியில் ஆள் குடிவந்துவிட்ட கட்டடத்துக்குப் போகிறதாம். இன்று சாயங்காலம் சும்மா எட்டிப் பார்த்தேன். முதல் மாடியில ஒருத்தன் ஜன்னலை அறைஞ்சு சாத்துறான், பெரியப்பா! மேலே போய், மெதுவா சாத்துங்கன்னு சொன்னேன். "நீங்க யாரு?"ன்னு கேக்கிறான். என்னைப் பாத்து, யாருன்னு கேக்கிறான்! காலி பண்ற கடிதம் வந்ததும் கிழிச்சுப் போடுங்க. அந்த ஜன்னல் என் பால்கனியிலிருந்துதான் நல்லாத் தெரியுது.