அமுக்கிப் பார்த்த பதினொரு துண்டு

மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவனை மட்டும் மீன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நான் ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்து, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவன். மீனும் தெரியும், எண்ணவும் தெரியும். இரண்டும் சேர்ந்து என் மகள் ஜெனியின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தன.

ஜெனி தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை அருண். அவனுடைய அப்பா அண்ணா நகர்க்காரர். ஏதோ கார் கம்பெனியில் பெரிய பதவி. அவர் இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. "ஒருநாள் உட்கார்ந்து பேசிடுவோம். உங்க பக்கமே வர்றேன், உங்களுக்குக் கடல் உணவு பிடிக்குமாமே" என்று போனில் சொல்லி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அப்போது புதிதாக முளைத்திருந்த ஜப்பான் ஓட்டலுக்கு எங்களை வரச் சொன்னார். (எண்ணூர் துறைமுகத்தில் கார் ஏற்ற வரும் ஜப்பான்காரர்களை நம்பித் திறந்தார்களாம். நாங்கள் போன அன்று ஒரு ஜப்பான் தலைகூட இல்லை. தேடிப் பார்த்தேன்.)

"அப்பா, அங்க வந்து எதையும் எண்ணிகினு இருக்காதீங்க" என்றாள் ஜெனி. சரி என்றேன். மீனை அமுக்காதே என்று அவள் சொல்லவில்லை.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் போனபோது அருணின் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "நானே ஆர்டர் பண்ணிட்டேன் சார். இங்க இதுதான் ஸ்பெஷல்" என்றவர், போன் வரவும் எழுந்து வெளியே போய்விட்டார். முதலில் ஒரு சூப் வந்தது. கலங்கிய தண்ணீரில் சுண்டைக்காய் அளவு வெள்ளைக் கட்டி நான்கு மிதந்தன. உப்பு இருந்தது. வேறெதுவும் இல்லை.

அடுத்து, கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் நீளத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். வடகிழக்கு மாநிலத்துப் பெண், தமிழ் அரைகுறை. தட்டில் ஐஸ் தூள், அதன்மேல் பச்சை மீன்.

நம் பக்கத்து மீன் ஓட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. மசாலா தடவிய மீனைத் தட்டோடு மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். நாம் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அது எண்ணெயில் விழும். இங்கே மசாலா தடவக்கூடச் சோம்பல்பட்டு எடுத்து வந்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு எரிச்சல்.

"பதினொண்ணு கீது" என்றேன். "ஆளு அஞ்சு. எப்டி பிரிக்கிறது?"

"அதுக்குள்ள எண்ண ஆரம்பிச்சிட்டீங்களா? மீன் இன்னா லட்சணத்துல கீதுன்னு மொதல்ல பாருங்க" என்றாள் ஸ்டெல்லா. (இப்படிச் சொன்னதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.)

பார்த்தேன். ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு துண்டையும் அமுக்கினேன். பள்ளம் உடனே எழும்பினால் புது மீன், எழும்பாவிட்டால் பழசு. ஐந்து துண்டு சூரை. காசிமேட்டு மீன் சந்தையில் நான் திரும்பிக்கூடப் பார்க்காத மீன். நான்கு ஆரஞ்சு நிறம். நம் கடலில் இல்லாத ஜாதி. இரண்டு கடம்பா, கணவாய் என்பார்களே அது. ஒன்றிரண்டைத் திருப்பிப் போட்டும் அமுக்கினேன்.

"பரவால்ல. நல்லா மொறுமொறுன்னு வறுத்து எட்தாம்மா."

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஃப்ரை, அங்கிள்?"

"ஃப்ரைதாம்மா. பின்ன, பச்சயாவா துன்னுவாங்க?"

எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அருணின் அப்பா திரும்பி வந்தார், பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பேச்சு நன்றாகவே போனது. "கல்யாணத்த ராயபுரம் சர்ச்சுலயே வச்சுக்கலாம், எனக்கு ஒண்ணும்..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது தட்டு வந்தது. பதினொரு கரித்துண்டு. அழகுக்கு வைத்திருந்த முள்ளங்கித் துருவலையும் இலையையும்கூட விடாமல் வறுத்திருந்தார்கள்.

"இது என்ன?" என்றார் அவர்.

"அங்கிள் சொன்னாங்க, ஃப்ரை" என்றாள் அந்தப் பெண்.

ஜெனி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. அருண் மெதுவாக, "அங்கிள், அத அப்படியே சாப்பிடணும்" என்றான். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பயப்படாதீங்க சார், நல்ல மீன்தான். எல்லாத்தையும் நானே அமுக்கிப் பாத்தேன்."

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு சர்ச் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு துண்டை எடுத்து மென்றார். நானும் மென்றேன். உப்பில்லை, உறைப்பில்லை, வெறும் ரப்பர். இவ்வளவு அவமானப்பட்டும் அந்த மீனுக்கு ருசி வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெனி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "தட்டு வந்தா துன்ன வேண்டியதுதான? நீங்க இன்னா மீன் இன்ஸ்பெக்டரா?" என்று ஸ்டெல்லாவும் கட்சி மாறிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அண்ணா நகரிலிருந்து ஜெனிக்குப் போன். சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை. "கல்யாணச் சாப்பாடு எங்க பொறுப்பும்மா. உங்கப்பாவ மட்டும் சமையல் பக்கம் விடாத." விடவில்லை. பந்தியில் மீன் வறுவல் பரிமாறும்போது நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் படம் ஆல்பத்தில் இருக்கிறது.

ஓட்டலை மூடிவிட்டார்கள், அங்கே இப்போது செல்போன் கடை. கதையை மட்டும் யாரும் மூடவில்லை. போன மாதம் பேரன் பிறந்தான். நர்ஸ் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டினாள். கன்னத்தைத் தொட விரலை நீட்டினேன். பின்னாலிருந்து சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அமுக்காதீங்க சார். சரின்னு சொல்லிட்டீங்கன்னா உள்ள எடுத்துட்டுப் போயிடுவாங்க."

நர்ஸும் சிரித்தாள். அவளுக்கு யார் சொல்லிவைத்தார்கள் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.