சிவப்பு மாத்திரையும் என் சீட்டுக் குலுக்கலும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்குத்தான் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் முடிவுப்படி, மாவு உருண்டை தின்றால் உடம்பில் ரத்தம் ஊறும். உலகத்தில் வேறு எவனும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் அவனும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான்.

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் புள்ளியியல் படித்துவிட்டு, உத்திரமேரூரில் அப்பா போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். படித்த திமிர் தலையில், வேலை இல்லாத எரிச்சல் மூக்கு நுனியில். (எரிச்சல் இன்னும் இறங்கவில்லை.) அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கழனி வேலை செய்யும் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம், மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எவ்வளவு தேறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், கணக்குத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்றார். என்னைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். ஆராய்ச்சி ஒழுங்காக முடிந்தால் நிரந்தர வேலைக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். அந்த ஒரு பேச்சை நம்பி என் அம்மா எனக்குப் பெண் தேடவே கிளம்பிவிட்டாள்.

சாலவாக்கம் பக்கத்தில் ஒரு ஊரைப் பிடித்தோம். நடவு, களை என்று சேர்ந்தே வேலைக்குப் போகிற நாலு கூட்டம், மொத்தம் அறுபது பெண்கள். பாதிப் பேருக்கு இரும்பு மாத்திரை. மீதிப் பேருக்கு அதே சிவப்பில், அதே அளவில், மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. கடைசியில் இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். (எல்லாரிடமும் ‘ரத்த மாத்திரை’ என்றுதான் சொன்னோம். இன்றைக்கு இப்படிச் செய்தால் உள்ளே தள்ளுவார்கள். தள்ளத்தான் வேண்டும்.)

டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒன்றாக வேலை செய்கிறவர்கள் மாத்திரையைக் கலந்துவிட மாட்டார்களா, ஒரு கூட்டத்துக்கு முழுக்க ஒரே மாத்திரை கொடுத்தால் என்ன என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கினால்தான் அது விஞ்ஞானம் என்று பாடம் நடத்தினேன், அதுவும் அவருக்கு.

“எங்க ஊர் பொம்பளைங்க மேடம். குடுத்தத முழுங்கிட்டு வேலையப் பார்ப்பாங்க.”

எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை. அப்பாவின் கழனியில் அவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நடவுக் கூட்டத்தில் எது கிடைத்தாலும் கூறுதான். வாய்க்காலில் மீன் சிக்கினால் அது பிடித்தவள் சட்டிக்குப் போகாது. வரப்பில் குவித்துக் கூறு போடுவார்கள். உடம்புக்கு முடியாதவளுக்கு இரண்டு மீன் கூடப் போகும். இருபது வருஷம் கண்ணெதிரே நடந்ததை ஒரு பட்டம் வாங்கியதும் மறந்தவனை என்னவென்று சொல்ல? முட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சீட்டுக் குலுக்கினோம். டப்பா மேல் எண் மட்டும்தான். எந்த எண் அசல், எந்த எண் டூப்பு என்ற பட்டியல் அரக்கு வைத்த உறையில் டாக்டரம்மாவின் பீரோவுக்குள். கணக்குப் போட்ட எனக்கே தெரியாது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஐந்தாம் நாள் சைக்கிளில் போய் இறங்கினேன். நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு வயலே சிரித்தது. நாலு கூட்டத்துக்கும் தலைவி கோவிந்தம்மா. நாற்பது வயதிருக்கும், குரல் பக்கத்து ஊருக்குக் கேட்கும். அவள் நிமிர்ந்தாள்.

“இன்னா நைனா, பாதிப் பேருக்கு டூப்பு மாத்திரையா குடுத்துக்கினு கீற?”

யார் சொன்னது என்று கத்தினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு குனிந்து நாற்றை நட ஆரம்பித்தார்கள். கோவிந்தம்மாவுக்கு மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது.

“காலைல ஏரிக்கரைக்கு ஒண்ணாத்தான போறோம். சில பேருக்குக் கரி மாதிரி போவுது. சில பேருக்கு எப்பவும் போல கீது. இது தெரியறதுக்குப் படிக்கணுமா?”

இரும்பு மாத்திரை தின்றால் மலம் கறுக்கும். எந்தக் கம்பவுண்டரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். நான் எவரையும் கேட்கவில்லை. அரக்கு வைத்த ரகசியத்தை அவர்கள் நாலு விடியலில் பிரித்துப் படித்துவிட்டார்கள்.

அன்றைக்கே பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திட்டம் கெட்டது, வேலை போனது. அதனால் என்ன செய்தேன்? எல்லாம் ஒரே மாத்திரைதான், ஒழுங்காகத் தின்னுங்கள், வாராவாரம் எண்ணிப் பார்ப்பேன், ஒன்று மிச்சம் இருந்தாலும் சும்மா விடமாட்டேன் என்று வரப்பில் நின்று கூச்சல் போட்டேன். பிறகு வாராவாரம் எண்ணினேன். அறுபது டப்பாவிலும் கணக்கு அச்சு அசலாக இருந்தது. நான் போட்ட சத்தத்துக்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் முடிந்தது. விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா என் முன்னால் உறையைப் பிரித்து, பட்டியலை வைத்துக்கொண்டு கணக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். டூப்பு மாத்திரைக்காரர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். இரும்பு மாத்திரைக்காரர்கள் அவர்களுக்கு ஒரு படி கீழே.

மறுநாள் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கழனிக்கு வந்தார். கோவிந்தம்மா எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

“வரப்பு ஏறினா மூச்சு வாங்குறவளுக்கு டூப்பு, கல்லு மாதிரி கீற எனக்கு அசலு. முடியாதவளுங்கள்ல முக்காவாசிப் பேருக்கு டூப்புதான் வுழுந்துது. இன்னா சீட்டுமா அது? அதான் எங்களுக்குள்ள டப்பாவ மாத்திக்கினோம். முடியாதவளுக்கெல்லாம் நல்லது, தெம்பா கீறவளுக்கெல்லாம் டூப்பு.”

“அப்ப அந்த டூப்பு மாத்திரைய என்ன பண்ணீங்க?” என்றார் டாக்டரம்மா.

“முழுங்கினோம். மிச்சம் இருந்தா இந்த நைனா வந்து கத்துமே. அது வேலைக்கு இன்னாத்துக்கு ஒல வைக்கணும்?”

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. என் வேலையைக் காப்பாற்ற முப்பது பெண்கள் மூன்று மாதம் மாவு தின்றிருக்கிறார்கள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். டூப்பு கலந்திருப்பது இவர்களுக்குத் தெரியும் என்று எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கோவிந்தம்மா, எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, பதிலைச் சொல்லிவிட்டாள்.

“மொத வாரமே சொல்லிட்டோமே. பாவம், அன்னிக்கு எப்படிக் கத்திச்சு தெரியுமா?”

டாக்டரம்மா சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: “திட்டம் தப்பாப் போறது தப்பில்ல. அத மறைச்சீங்க பாருங்க, அதுக்கு நான் லெட்டர் தர முடியாது.” நியாயம்தான். அன்றைக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. அறுபது பேருக்கும் அசல் மாத்திரை அனுப்பிவைத்தார். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் அந்த வேலையில் நான் செய்த கடைசி வேலை, உருப்படியான ஒரே வேலை. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன்.

அம்மா தேடிய பெண் சாலவாக்கத்தில் கிடைத்தாள். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கேசரித் தட்டு வந்தபோது உள்ளே ஒரு பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறிக்கொண்டிருந்தது. அவள்தான் நாற்பது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறாள்.

போன மாதம் எனக்கே ரத்தம் குறைவு என்று டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் காலை குளியலறைக் கதவைத் திறந்தால், வெளியே மனைவி, மகள், மருமகன் மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். கேட்டது மனைவிதான்.

“இன்னாங்க, அசலா டூப்பா?”

அசல்தான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். இந்த விஷயத்தில் இனி ஒரு நாள்கூட மறைக்கிறதாக இல்லை.