பெரியம்மா யார் சாயல்?

"ஏம்மா சிட்டு, இந்தப் பெரியம்மாவை நான் எங்கேயோ பாத்திருக்கேனே?"

வானொலியை அணைத்துவிட்டு மாமியார் இப்படிக் கேட்டதும், சிட்டுவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் தடதடத்தது.

"நாடகம்தானே அத்தை. எல்லாம் கற்பனை."

"கற்பனைதான். ஆனா உக்காரும்போதெல்லாம் 'இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு நாற்காலி'ன்னு பெருமூச்சு விடறா பாரு, அது மட்டும் எங்கேயோ கேட்ட பெருமூச்சா இருக்கு."

சொல்லிக்கொண்டே மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பெருமூச்சு விட்டார். அதே பெருமூச்சு.

சிட்டு கோப்பைகளை வாரிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நாற்பத்தொரு வயதிலும் வீட்டில் அவள் சிட்டுதான். பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பாள். விடியற்காலையில், வீடு விழிப்பதற்குள், வானொலிக்கு நாடகம் எழுதுவாள். வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழே காலுக்கு, கால் மணி நேரம். ஆரம்பத்தில் அதைக் கேட்க நாதியில்லை. கதாநாயகியான மருமகளுக்கு ஒரு மாதத்தில் ஒரே ஒரு கடிதம் வந்தது. அதுவும் முகவரி மாறி வந்த கடிதம்.

தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க மருமகள் ரொம்ப நல்லவ மேடம். அதான் கோளாறு. அவ வாயைத் திறந்தாலே எனக்குத் தூக்கம் வருது. நல்ல வில்லி ஒருத்தியைக் கொண்டாங்க."

"விஷம் வைக்கற மாதிரியா சார்?"

"அதெல்லாம் வேண்டாம். விஷம் வைக்கறவளை எல்லாருக்கும் பாத்த உடனே தெரிஞ்சுடும். தான் கெட்டவள்னு தெரியாதவளா எழுதுங்க. வீட்டுக்காகத் தேயறேன்னு நம்பிக்கிட்டே வீட்டுல இருக்கறவங்களை எல்லாம் தேய்க்கணும். அப்பதான் ஜனங்க திட்டிக்கிட்டே கேப்பாங்க."

"அப்படிப்பட்ட ஆளுக்கு நான் எங்கே சார் போறது?"

"எங்கேயும் போக வேண்டாம். வீட்டுலயே தேடுங்க."

சொன்னபடியே தேடினாள். மாமியாரின் பெருமூச்சு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டாள். பெரியம்மா பிறந்தார். இரண்டே வாரத்தில் கடிதங்கள் குவிந்தன. இப்போது வினையும் வந்து வாசலில் நிற்கிறது.

மறுநாள் விடியற்காலை சிட்டு பேனாவை எடுத்த கையோடு பெரியம்மாவின் பெருமூச்சை வெட்டினாள். அதற்குப் பதில் வேறு ஏதாவது வேண்டுமே? பெரியம்மாவின் கையில் ஒரு தொலைபேசியைக் கொடுத்தாள். எதிராளி பேச வாயெடுக்கும் நேரத்தில், "சரி, வேலை கிடக்கு" என்று படீரென்று வைத்துவிடும் பழக்கத்தையும் கொடுத்தாள்.

அது ஒலிபரப்பான அன்று மதியம் மருத்துவமனைக்குத் தொலைபேசி வந்தது. அவளைப் பெற்ற தாய்.

"சிட்டு, சாப்பிட்டியா?"

சிட்டு நாற்காலியில் நிமிர்ந்தாள். அம்மா இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

"சாப்பிட்டேம்மா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. நாடகம் கேட்டேன். பெரியம்மாவுக்கு நல்லாத்தான் எழுதறே. உனக்கு வேலை ரொம்ப அதிகமோ? தூங்கறியா?"

"தூங்கறேன்."

"சரி. நீ ஏதாவது சொல்லணும்னா சொல்லு. நான் கேக்கறேன்."

இரண்டு நிமிடம் ஆயிற்று. அம்மா வைக்கவே இல்லை. கடைசியில் சிட்டுதான், "சரிம்மா, வேலை கிடக்கு" என்று வைத்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். புலி பாயாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

பெரியம்மாவிடமிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள். கணவரின் பழக்கம் ஒன்றை இரவல் வாங்கினாள். எதைக் கேட்டாலும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "பாக்கலாம்." இரண்டே நாளில், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் கடைக்குப் போகுமுன் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டுப் போனார். பதினாறு வருடக் குடித்தனத்தில் நடக்காத காரியம்.

"யார் சொல்லி இதெல்லாம் செய்யறீங்க?"

"யாரும் சொல்லலையே. சும்மாதான்."

"நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கரண்டியை எல்லாம் இப்படித் தலைகீழாவா வைப்பாங்க?" என்று அவற்றைத் திருப்பி வைத்தபடியே சிட்டு யோசித்தாள். இவருக்கும் தெரிந்துவிட்டது.

இனி ஒருவரிடமும் எதையும் எடுப்பதில்லை என்று முடிவு கட்டினாள். முழுக்க முழுக்கக் கற்பனை. வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக் கண்ணை மூடினாள். ஆச்சரியம், பேனா தானாக ஓடியது. பெரியம்மா யாரையும் குறை சொல்வதில்லை. பிறர் மடித்த துணியைச் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடிப்பார். கேட்காமலே உதவுவார், உதவியதை ஏழு முறை ஞாபகப்படுத்துவார். "நீங்க எல்லாம் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டு, போனவர்கள் திரும்பியதும், "எல்லாரும் போயிட்டீங்களே" என்பார். ஒரே மூச்சில் பத்து நாளுக்கான நாடகத்தை எழுதிவிட்டாள். ஒரு வரிகூட அடித்துத் திருத்தவில்லை.

தயாரிப்பாளர் குதித்தார். "எங்கே புடிச்சீங்க இந்த ஆளை! உயிரோட வந்து நிக்குது!"

"யாரையும் பிடிக்கலை சார். சத்தியமா கற்பனை," என்று சிட்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரியம்மாவுக்குக் குரல் கொடுக்கும் நடிகை மெலிந்த பெண். நேரில் பேசினால் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அவள் மட்டும் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், ஒரு பக்கம் நீங்களே படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். சிட்டு படித்தாள். "போதும் மேடம், புடிச்சுக்கிட்டேன்" என்றாள் நடிகை.

வீட்டில்தான் நிலைமை மோசமானது. சிட்டு உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. மாமியாரும் கணவரும் கூடத்தில் குசுகுசுவென்று பேசுவார்கள். அவள் தலை தெரிந்ததும், "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்பார் மாமியார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அம்மாவும் மாமியாரும் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். கல்யாணத்தன்று மேடையில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத சம்பந்திகள் அவர்கள்.

"எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க. என்னை என்ன செய்யப் போறாங்களோ," என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி மருந்தாக, பெரியம்மாவைக் கொஞ்சம் நல்லவளாக்கிப் பார்த்தாள். யார் சாயல் என்று தெரிந்தாலும் அப்போது கோபம் வராது அல்லவா? ஒரு முழு நாள் நாடகத்தையும் பெரியம்மாவின் பேச்சுக்கே கொடுத்தாள்.

"நான் ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா இந்த வீடு நின்னு போயிடும். அதுக்குப் பயந்தே ஓடறேன். நான் ஓடறதைத்தான் எல்லாரும் பாக்கறீங்க. யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாள், 'நீ உக்காரு'ன்னு சொன்னீங்களா?"

எழுதும்போது கண்ணில் நீர் கட்டியது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அது ஒலிபரப்பான காலையில் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். தாள் குலுங்கியது. பிறகு அதை மடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"சிட்டு, நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"எதுக்கு? என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா உக்காரு."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஏதோ கெட்ட செய்தி சொல்லப்போகிறார்கள் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அலமாரிக்கு மேலிருந்த சின்னப் பெட்டியைக் கணவர் இறக்குவதையும், மாமியார் அதைத் துடைப்பதையும் பார்த்துவிட்டாள். அவளைக் கண்டதும் இருவரும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

சிட்டுவுக்கு உலகம் இருண்டது. மாமியார் வீட்டைவிட்டுப் போகிறார்! தன் பேனாவே ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டது!

மறுநாள் மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே வானொலி நிலையத்துக்கு ஓடினாள்.

"சார், பெரியம்மாவை இன்னைக்கே முடிச்சுடணும். பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டுப் போறா. திரும்பி வரமாட்டா. எழுதிக் கொண்டாந்துட்டேன்."

"மேடம்! ஜனங்க நிலையத்தைக் கொளுத்திடுவாங்க!"

"கொளுத்தட்டும். என் குடும்பம் ஏற்கெனவே எரியுது."

அரை மணி வாதாடிப் பார்த்துத் தயாரிப்பாளர் தோற்றார். ஆனாலும் அவர் வியாபாரி. உடனே ஓர் அறிவிப்பைக் காற்றில் விட்டார்: "நேயர்களே, நாளைக் காலை பெரியம்மா வீட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறார். கேட்கத் தவறாதீர்கள்!"

பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடிகை தாளை எடுத்தாள். முதல் வரியைக்கூடப் படித்து முடிக்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு மூன்று பேர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்கள். கணவர், மாமியார், அம்மா.

"அனுப்பாதே!" என்று கத்தினார் மாமியார். "பெரியம்மாவை வீட்டை விட்டு அனுப்பாதேம்மா!"

"அவ போயிட்டா அந்த வீடு என்ன ஆகும்?" என்றாள் அம்மா. "கோவத்துல ஆயிரம் சொல்லுவோம். அதுக்காக யாராவது போயிடுவாங்களா?"

கணவர் முன்னால் வந்தார். சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிட்டு அழுதேவிட்டாள். "அப்ப அந்தப் பெட்டி எதுக்கு அத்தை? நீங்கதானே கிளம்பறீங்க?"

"நானா? நான் எங்கே போறேன்? உனக்குத்தாம்மா. நாலு நாள் அம்மா வீட்டுல கையைக் காலை நீட்டி உக்காந்துட்டு வரட்டும்னு நாங்க மூணு பேரும் பேசி வச்சோம்."

இனி மறைப்பது பாவம் என்று சிட்டுவுக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அத்தை, உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் பெருமூச்சு மட்டும்தான் உங்களோடது. மத்தபடி பெரியம்மா நீங்க இல்ல."

"அது தெரியும்மா."

"அம்மா, போனை வைக்கறது மட்டும்தான் உன்னோடது. பெரியம்மா நீயும் இல்ல."

"தெரியும்டி."

"நீங்களும் இல்லைங்க."

"சேச்சே, நான் எப்படி?" என்றார் கணவர்.

ஆறு வாரப் பாரம் சிட்டுவின் தலையிலிருந்து இறங்கியது. "அப்பாடா! இத்தனை நாளா பயந்தே செத்தேன். நம்ம வீட்டுல யாரையும் மனசுல வச்சுக்கிட்டு நான் பெரியம்மாவை எழுதலை. அதை நீங்க நம்பினா போதும்."

மாமியார் விட்டத்தைப் பார்த்தார். அம்மா கைப்பைக்குள் எதையோ தேடினாள். கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்த நடிகை மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து, தன் மெல்லிய குரலில் கேட்டாள்:

"ஏங்க, மேடத்துக்கிட்ட இன்னும் யாருமே சொல்லலையா?"