ஏகாம்பரத்தின் அஸ்தி

குடவாசல் யூனியன் ஆபீஸ் கிளார்க் டேவிட்சன் ஒரு கொலை செய்வதென்று முடிவு கட்டினார். மாசம்கூடக் குறித்தாயிற்று. தொண்ணூற்றாறு, ஆகஸ்ட். சாகப்போகிற ஆள் துப்பறியும் ஏகாம்பரம். கும்பகோணத்து மாதப் பத்திரிகை ஒன்றில் எட்டு வருஷமாக மாதம் ஒரு கதை என்று டேவிட்சனே பெற்று வளர்த்த பிள்ளை.

"எழுதறவனுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியணும் எல்சி. நூறாவது கதையோட ஏகாம்பரம் காலி. இனிமே சரித்திர நாவல்தான்."

மனைவி எல்சி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆசீர் ரூம்ல எட்டு பேர் கேக்குறாங்களே?"

ஆசீர் அவள் தம்பி. சவூதியில், தம்மாமில் வெல்டர். ரெண்டு வருஷ அக்ரிமென்ட், நடுவில் லீவு கிடையாது. அவனுக்கு மாதாமாதம் ஒரு கேசட் போகும். ஒரு பக்கம் வீட்டுச் சேதி. மறுபக்கம் எல்சியே படித்துப் பதிவு செய்த ஏகாம்பரம் கதை.

"கேக்கட்டும். எட்டு பேரும் உக்காந்து அழட்டும். அதுதான் இலக்கியம்."

"சரிங்க."

பதினாறு வருஷத்தில் எல்சி இத்தனை சுலபமாகச் சரி என்றதே இல்லை. வேறு ஆளாக இருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார். நம்ம ஆள் பூரித்துப்போனார்.

கொலையைக் கச்சிதமாகத்தான் செய்தார். கையைக் காலைக் கட்டி ஏகாம்பரத்தைக் கொள்ளிடத்து வெள்ளத்தில் தள்ளினார். பிழைத்துவிட்டான் என்று நாளைக்கு எவனும் கிளம்பக்கூடாதே. உடம்பைக் கரையேற்றி, போஸ்ட்மார்ட்டம் பண்ணி, எரித்து, பூம்புகாரில் அஸ்தியையும் கரைத்தார். கரைத்து முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

பிறகு நாவல். பத்து மாதத்தில் பதினோரு பக்கம் வந்தது. சோழ ராஜா இன்னும் குதிரையை விட்டு இறங்கவில்லை. எல்சி வழக்கம்போல டேப் ரெக்கார்டரோடு உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கதைதான் இல்லையே, ரெண்டு பக்கமும் வீட்டுச் சேதியே பேசட்டும் என்று டேவிட்சன் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

ஜூன் மாதம் ஆசீரின் ரூம்காரர் நெய்னா முகம்மது லீவில் அதிராம்பட்டினம் வந்தார். ஆசீர் கொடுத்தனுப்பிய பார்சலை எடுத்துக்கொண்டு குடவாசலுக்கும் வந்தார்.

"ஏகாம்பரம் சிகரெட்டை விட்டது ரொம்ப நல்ல காரியம் சார்."

டேவிட்சனுக்குக் காபி புரையேறியது. "எப்ப விட்டான்?"

"கல்யாணத்துக்கு அப்புறம்தான்."

"யாருக்குக் கல்யாணம்?"

"என்ன சார், எழுதுற நீங்களே கேக்குறீங்க. இப்பல்லாம் கேஸைக் கண்டுபிடிக்கிறது சுகந்தியம்மாதானே. நம்மாளு பின்னாடியே பையைத் தூக்கிட்டுப் போறாரு." நெய்னா குரலைத் தணித்தார். "தப்பா நினைக்காதீங்க. முன்னாடியெல்லாம் கொஞ்சம் சுமாராத்தான் இருந்துச்சு. வெள்ளத்துலேருந்து தப்பிச்சாருல்ல, அதுக்கப்புறம்தான் சூடு பிடிச்சுது."

எல்சி உள்ளேயிருந்து இன்னொரு முறுக்குத் தட்டு கொண்டுவந்து வைத்தாள். டேவிட்சன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நெய்னா பஸ் ஏறியதும் டேவிட்சன் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "நான் அஸ்தியையே கரைச்சுட்டேனே எல்சி?"

"கரைச்சீங்க. நான் அதைப் படிக்கல."

"என் கதைடி அது. எப்ப முடிக்கணும்னு சொல்ல வேண்டியது நான்."

"அங்க ஆசீர் மாசத்துல அந்த ஒரு நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுக்குச் சாவுச் சேதியா அனுப்புவேன்? மனசு கேக்கலங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நானும் முடிக்காம விடமாட்டேன். ஆகஸ்ட்ல அக்ரிமென்ட் முடியுது. அவன் பிளேன் ஏறுற மாசம் கதையும் முடியுது."

கதையை முடிக்க எட்டு வருஷத்தில் டேவிட்சனுக்கு இப்படி ஒரு காரணம் தோன்றியதே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கையைக் காலைக் கட்டியில்ல தள்ளினேன். எப்படித் தப்பிச்சான்?"

"எழுதியா வச்சிருக்கேன்? வாயில வந்ததைச் சொன்னேன். கேசட்டெல்லாம் தம்மாம்ல இருக்கு."

அன்றைக்கே ஒரு ஏர்மெயில் போயிற்று.

'அன்புள்ள மச்சானுக்கு, நீ வரும்போது சென்ட், சோப்பு எதுவும் வேண்டாம். வெள்ளத்துக் கேசட்டிலிருந்து எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வரவும். இப்படிக்கு, வாசகன் டேவிட்சன்.'