கதவை நடக்கவிட்டுப் பார்த்த தரகர்

ஒரு கதவை நடக்கவிட்டு, எதிரே குத்தவைத்து உட்கார்ந்து அதன் நடையைக் கவனித்து, "இதுக்குப் பின்னங்கால்ல வலி இருக்குதுங்க" என்று சொன்ன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருச்செங்கோட்டில் எங்கள் லாரி ஷெட்டுக்குப் பொறுப்பாளராக இருந்தார். வேறு ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தார் என்று வாசகர் யாராவது எழுதிப் போட்டால் நான் நம்பப் போவதில்லை.

எல்லாருக்கும் அவர் தரகர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பல வருடம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். எங்கள் முதலாளி தோட்டம் துரவு உள்ள விவசாயி. அவர் பண்ணையில் இருந்த எருதுகள் எல்லாம் தரகர் பிடித்துக் கொடுத்தவை. அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி லாரித் தொழிலில் இறங்கி, ஒன்று இரண்டாகி மூன்றானபோது, மாட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு லாரியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று தரகரையே ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

லாரிகள் மேல் தரகருக்குப் பெரிய நாட்டம் ஏற்படவில்லை. அவர் மனம் போனது ஷெட்டின் கதவு மேல். அது அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு அதிசயம். முதலாளி சேலத்தில் ஒரு மில்லில் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று செய்யவைத்தது. கீல் கிடையாது. மேலே ஒரு இரும்புத் தண்டவாளம், அதன்மேல் வரிசையாக நான்கு ரோலர்கள், அவற்றிலிருந்து தொங்குகிற பெரிய தகரக் கதவு. பக்கவாட்டில் தள்ளினால் உருண்டுகொண்டே போகும்.

வந்த முதல் வாரமே தரகர் நான்கு ரோலர்களுக்கும் பெயர் வைத்தார். மயிலை, காரி, செவலை, பிள்ளை. எல்லாம் மாட்டு நிறங்கள். நான்கும் ஒரே கிரீஸ் கறுப்பாகத்தானே இருக்கின்றன என்று நான் கேட்டேன். "உங்களுக்கு அப்படித் தெரியுதுங்களா சாமி?" என்றார், என் கண்ணுக்காக வருத்தப்பட்டு. மாட்டுப் பொங்கலன்று ஏணி போட்டு ஏறி நான்குக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து மாலையும் போட்டார். மாலை நார் அச்சில் சுற்றிக்கொண்டு கதவு அரை நாள் அசையவில்லை. "நல்ல நாளும் பொழுதுமா ஓய்வு வேணாமுங்களா?" என்றார்.

காலையில் ஷெட் திறப்பது ஒரு சடங்கு. இரண்டு சுமைக்காரர்கள் கதவைத் தள்ளுவார்கள். தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "மெதுவா நடக்க உடுங்க" என்பார். கரகரவென்று அரைக்கும் சத்தம் எங்கே வருகிறது, கதவு எந்த இடத்தில் தலையாட்டுகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு தண்டவாளத்துக்கு நேர்கீழே தரையில் உதிர்ந்திருக்கும் இரும்புத் தூளை விரலில் தொட்டு எடுத்து மோந்து பார்ப்பார்.

"அதை எதுக்குங்க மோந்து பாக்கறீங்க?"

"சாணியப் பாத்தா வயித்தச் சொல்லிரலாமுங்க."

அவர் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பாதிக்குப் பாதி தப்பு. ஒருமுறை பிள்ளைக்கு ரத்தபேதி என்று பதறிப்போய் ஏணி ஏறினார்; விழுந்திருந்தது கூரைத் தகட்டின் துரு. ஆனால் செவலை விஷயத்தில் அவர் தப்பவில்லை. ரோலர் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் கதவு ஒருமுறை 'டக்' என்று குதித்தது. ஏறிப் பார்த்தால், மூன்றாவதாக இருந்த செவலையின் வட்டம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. கையால் அசைத்தால் அச்சு லொடலொடவென்று ஆடியது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் அவரும் சேலம் போனோம். இரும்புக் கடையில் கடைக்காரர் ரோலரை எடுத்து வைத்ததும், தரகர் தன் துண்டை அவர் கைமேல் போட்டு, துண்டுக்கு அடியில் அவர் விரல்களைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் விலை பேசும் முறை அது. கடைக்காரர் அரண்டுபோனார்.

"யோவ், எதுக்குய்யா கையப் புடிக்கற?"

"வெலை பேசறனுங்க."

"வாயில பேசேன்யா!"

"நாலு பேரு பாக்கற எடத்துல எப்படிங்க வாய் உட்டுச் சொல்றது?"

கடையில் எங்களைச் சேர்த்தே மூன்று பேர்தான் இருந்தோம்.

அடுத்து, ரோலரின் வார்ப்பில் ஓரமாக ஒரு சிறு வளையம் இருந்ததைத் தரகர் கண்டுபிடித்தார். "சுழி சரியில்லீங்க. இது குடும்பத்துக்கு ஆகாது." கடைக்காரர் வேறொன்று எடுத்தார். அதிலும் அதே இடத்தில் வளையம். ஒரே அச்சில் வார்த்தவை வேறு எப்படி இருக்கும்? பதினொன்றைப் புரட்டிப் பார்த்து, வளையம் மங்கலாக விழுந்திருந்த ஒன்றைத் தரகர் பொறுக்கினார்.

கடைக்காரர் அதற்குள் களைத்திருந்தாலும் நல்ல மனிதர். "பெரியவரே, வாங்கறதே வாங்கறீங்க, நாலா வாங்கிட்டுப் போங்க. ஒண்ணு தேஞ்சிருந்தா மத்ததும் தேஞ்சுதான் இருக்கும். புதுசு ஒசரமா நிக்கும், பழசு கட்டையா நிக்கும். கதவு கோணிக்கும்" என்றார்.

தரகர் சிரித்தார். "நாலும் புதுசாப் போட்டா வேலை பழக்கறது யாருங்க? எளங்காளைய ஒரு கெழட்டு மாட்டோட பூட்டித்தானுங்க ஏர் பழக்கோணும்."

திரும்பி வருகையில் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. இரும்புக்கு என்ன பழக்கம் என்று கேட்டேன். மடியில் ரோலரைப் பொட்டலமாக வைத்திருந்தவர் குரலைத் தாழ்த்தி, "எதுக்குமே மொத நாள் ஒரு பயம் இருக்குமுங்க" என்றார்.

சனிக்கிழமை புதுச் செவலையை மூன்று கிழங்களுக்கு நடுவே மாட்டினோம். அன்றே கதவு இறுகியது. ஞாயிறு இரண்டு பேர் தள்ளிய கதவுக்குத் திங்கள் நான்கு பேர் தேவைப்பட்டார்கள். "பழகுதுங்க" என்றார் தரகர்.

செவ்வாய்க்கிழமை எங்கள் டிரைவர் சூசைக்குக் கல்யாணம். பெண் சேலத்துக்காரி. அங்கே மாதா கோயிலில் காலை ஒன்பது மணிக்குப் பூசை, அதில் தாலிகட்டு. மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிப் போக முதலாளி ஒரு லாரியைக் கொடுத்திருந்தார். மற்ற இரண்டும் வெளியூரில். விடியும்போதே சூசையின் தாயார் தலைமையில் முப்பத்தாறு பேர், பட்டும் பூவும் பித்தளைத் தட்டுமாக ஷெட் முன்னால் வந்து நின்றார்கள். கதவைத் தள்ளினோம். ஒரு ஆள் ஒருச்சாய்ந்து நுழையும் அளவுக்கு நகர்ந்தது. பிறகு ஒரு மூலை தாழ்ந்து தரையில் குத்திக்கொண்டு நின்றது. எட்டுப் பேர் தள்ளினோம். அசையவில்லை.

முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் பூசை முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம்.

"தரகரே, இன்னைக்கி உட்டா நாளைக்கி விபூதிப் புதன்ங்க. தபசு காலம் ஆரம்பிச்சிரும். ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணமே வெக்க மாட்டாங்க" என்றார் சூசை.

"அது எத்தன நாளுங்க?"

"நாப்பதுக்கு மேலங்க."

சூசையின் தாயார் முன்னால் வந்தார். "பொண்ணோட மாமன் இப்பவே லாரிக்காரனுக்கா குடுக்கறீங்கன்னு மொனகிட்டுத் திரியறாரு. அவருக்கு நாப்பது நாள் கெடைச்சா வேற மாப்பிள்ளையே கொண்டாந்து நிறுத்திருவாரு. ஏனுங்க, உங்க மாட்டு வைத்தியத்துக்கு எம்பையன் கல்யாணந்தான் கெடைச்சுதுங்களா?"

சூசை சந்து வழியாக உள்ளே புகுந்து லாரியைக் கிளப்பினார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. இடிச்சுத் தள்ளிட்டு வாரேன்!"

தரகர் ஓடிப்போய் அந்தச் சந்தில் கைகளை விரித்து நின்றுகொண்டார். "சாமி, இது ரெண்டு வண்டிக் கனம். எந்தப் பக்கம் உளுகும்னு யாரு கண்டா? உங்காத்தா இங்கதான் நிக்கறாங்க. இஞ்சின அமத்துங்க."

இஞ்சின் நின்றது. தரகர் நிமிர்ந்து மேலே பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"தப்பு என்னுதுதானுங்க. எளசு ஒண்டியா பாரம் பூரா இழுக்குது. கெழடு மூணும் தண்டவாளத்தத் தொடாம தொங்குது. எளச அவுத்துடலாமுங்க."

லாரியின் ஜாக்கியைச் சந்து வழியாக வாங்கித் தாழ்ந்த மூலைக்கு அடியில் கொடுத்துக் கதவைத் தூக்கினோம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏணியில் ஒரு படி இல்லை என்பதை அவரிடம் மூன்று முறை சொன்னேன். புதுச் செவலையின் போல்ட்டுகளைக் கழற்றி அவர் அதை இறக்கியதும், ஜாக்கியைத் தளர்த்தினோம். கதவு பெருமூச்சு விட்ட மாதிரி மூன்று பழைய ரோலர்கள் மேல் உட்கார்ந்தது. தள்ளினால் ஓடியது. இரண்டு முழம் ஓடி, தேய்ந்த கிழங்களால் தாங்க முடியாத அந்த மூலை மறுபடியும் தரையைத் தொட்டது.

தரகர் கடப்பாரையைக் கதவுக்கு அடியில் கொடுத்து, அதன் மறுமுனைக்குத் தன் வலது தோளைக் கொடுத்தார்.

சுமைக்காரர்கள் பதறி ஓடிவந்தார்கள். "உடுங்க, நாங்க தாங்கறோமுங்க!"

"நீங்க தள்ளுங்க. இந்த எடம் என்னுது."

அவர் தோளை எக்கி மூலையைத் தூக்கினார். நாங்கள் தள்ளினோம். ஒரு முழம். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். "ஹேய்... ஹேய்... போலாஞ் சாமி" என்று எருதை ஓட்டுகிற குரலில் தன்னைத் தானே ஓட்டிக்கொண்டார். கல்யாணக் கூட்டம் முழுவதும் கை கொடுத்தது. சூசையின் தாயார் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதவையும் தரகரையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே தள்ளினார். ஏழு முழம் போனதும் லாரிக்கு வழி கிடைத்தது.

"ஏறுங்க தரகரே, ஏறுங்க கணக்கரே!" என்று சூசை கத்தினார்.

"தொறந்த ஷெட்ட உட்டுட்டு வர முடியுங்களா? கெளம்புங்க சாமி, நேரமாச்சு."

லாரி போயிற்று. கதவு மூட வரவில்லை. நானும் தங்கிவிட்டேன். ஷெட்டில் பதினேழு டயர்கள் இருந்தன. காவலுக்கு ஒருவர் போதாது என்று முதலாளியிடம் பிறகு காரணம் சொன்னேன்.

மறுவாரம் நான்கு ரோலர்களையும் ஒன்றாக மாற்றினோம். கதவு ஒரு விரலுக்கு ஓடியது. தரகர் பார்த்துவிட்டு, "நாலும் ஒரே வயசு, சண்டை இல்லீங்க" என்றார். ஆனால் கல்யாணத்தன்று லாரி போன பிறகு அவருக்குக் கதவைப் பார்க்கவே தோன்றவில்லை. சேலத்திலிருந்து பஸ் வரும்போதெல்லாம் ரோட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். வலது கை பக்கவாட்டில் தொங்கியபடியே இருந்தது. கேட்டால், "மரத்திருக்குதுங்க, அவ்வளவுதான்" என்றார்.

மாலை மூன்று மணி பஸ்ஸில், லாரியோடு போயிருந்த கிளீனர் ஒரு தூக்குப்போசியோடு இறங்கினான். தூரத்திலிருந்தே கத்தினான்: "தாலி கட்டியாச்சுங்க! பூசைக்கு மணியடிக்கறப்ப லாரி கோயில் வாசல்ல நின்னுதுங்க!"

தரகர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

விருந்து ஆட்டுக்கறி. ஆனால் தூக்குப்போசியைத் திறந்தால் பருப்பும் நெய்யும் கத்தரிக்காய்ப் பொரியலும் சோறும் இருந்தன. செவ்வாய்க்கிழமை தரகர் கவுச்சி தொடமாட்டார் என்று சூசையின் தாயார் யாரிடமோ விசாரித்து, அவருக்கென்று தனி அடுப்பில் ஆக்கி அனுப்பியிருந்தார்.

தரகர் சோற்றில் கை வைத்தார். கை முழங்காலுக்கு மேல் எழவில்லை. இடது கையைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு இடது கையை நீட்டுகிற மனிதர் அல்ல அவர். மூடியை எடுத்து மூடப் போனார்.

நான் தூக்குப்போசியை என் பக்கம் இழுத்துப் பருப்பை ஊற்றிப் பிசைந்தேன்.

"வேண்டாமுங்க கணக்கரே, பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க. வாயத் தொறங்க."

முதல் கவளத்துக்கு மட்டும்தான் சொல்ல வேண்டியிருந்தது.