மச்சாளின் சால்வைக்கு மெழுகுதிரி

பொய் சொல்லப் பயப்படுகிறவர்கள் உண்மையையும் முழுதாகச் சொல்வதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு வியர்ப்பார்கள். நான் அந்த ரகம்.

பிரான்சில் இருக்கும் மச்சாள் (என் கணவரின் அக்கா) எனக்கொரு பட்டுச் சால்வை அனுப்பியிருந்தார். நீல நிறம், ஓரமெங்கும் வெள்ளைப் பூ. எங்கள் அரிப்பு ஊர் வெயிலில் அதைக் கழுத்தில் சுற்றினால் ஆள் அவிந்துவிடும். அலுமாரிக்குள் வைத்தாலோ மச்சாள் என்ன நினைப்பார்? யூடியூப் பார்த்து, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டேன். (சுருக்கம் தெரிகிறதோ என்று பிரித்து மறுபடி தைத்தது இவருக்கு இன்றுவரை தெரியாது.)

மாட்டத்தான் இடமில்லை. சீமெந்துச் சுவரில் நான் அடித்த ஆணியெல்லாம் வளைந்தது. மிஞ்சியது இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஆணிதான். அதில் மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று மகளிடம் கேட்டேன். ஒரு வயதுக்காரி, கை தட்டினாள்.

ஒக்டோபரில், செபமாலைக்காக வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் பொறுப்பெடுத்து நடத்தும் முதல் செபமாலை. ஊர்ப் பெண்கள் முன்னால் மாமிக்கு (இவரின் அம்மாவுக்கு) தலைகுனிவு வரக்கூடாது. அதுதான் என் ஒரே மன்றாட்டு. செபம் சொல்ல வந்த ரோசலின் அன்ரி சட்டத்தைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டார்.

"பிள்ளை, இது எந்தக் கோயில்ல மாதாவுக்குச் சாத்தினது?"

"அது... பிரான்சில இருந்து வந்தது, அன்ரி."

"சேசுவே! பிரான்சில இருக்கிற லூர்து மாதான்ர சால்வை!"

நான் வாயைத் திறப்பதற்குள் மெழுகுதிரி எரிந்தது. ஒருவர் கண்ணாடியைத் தொட்டு முத்தமிட்டார். இன்னொருவர் இருமுகிற குழந்தையின் நெற்றியை அதில் வைத்தார். "என்ர மருமகள்தான் சட்டம் போட்டவ" என்றார் மாமி. கலியாணமாகி வந்தபின் அவர் முகத்தில் இவ்வளவு பெருமையை நான் கண்டதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

செபமாலை முடியும் நேரம் மச்சாள் வீடியோவில் வந்தார். அக்காவும் பார்க்கட்டுமே என்று இவர் ஃபோனைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"ஐயோ, அந்தச் சால்வைக்கு ஏன் மெழுகுதிரி? நான் மலிவுச் சேல்ல ரெண்டு எடுத்தனானெல்லோ! ஒண்டு உங்களுக்கு. மற்றது இந்தா, என்ர தலையில!"

நான் மகளின் பின்னால் ஒளியப் பார்த்தேன். (அவள் மிகச் சிறியவள்.) மாமியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். கதிரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு வீடே சிரித்தது.

ரோசலின் அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. "சேலோ என்னவோ, என்ர முழங்கால் நோ இப்பக் குறைவு. மெழுகுதிரி எரியட்டும், நூக்காத, பிள்ளை."

இப்போதெல்லாம் மச்சாள் தன் சால்வையோடு வீடியோவில் வந்து, சுகம் விசாரிக்க முதலே கட்டளை போடுகிறார்: "எனக்கு முன்னாலயும் ஒண்டு கொளுத்துங்கோ. இஞ்ச சரியான குளிர்!"